மலையக யாகி அன்டெனா: வீட்டுத் தயாரிப்பும் திருத்தமும்

வானொலி அலையை நாலாபுறமும் சிதறவிடாமல் ஒரே திசைக்குக் குவித்து அனுப்பவும், அந்தத் திசையிலிருந்து வருவதைக் கூடுதலாக வாங்கவும் உதவும் கம்பி வரிசையே யாகி அன்டெனா. நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் அதன் உருவம் எல்லோருக்கும் பழக்கம். 1982இல் ரூபவாஹினி தொலைக்காட்சி தொடங்கி, 2,524 மீற்றர் உயரமுள்ள பிதுருதலாகலை உச்சியிலிருந்து படம் வரத் தொடங்கியபின், லயக் கூரைகளுக்கு மேலே இரும்புக் குழாயிலும் மூங்கிலிலும் இந்தக் கம்பிகள் ஏறின. டிஷ் வந்த பிறகு அவற்றில் பல வேலையின்றி நிற்கின்றன. சொந்தக் கையால் அன்டெனா கட்ட நினைக்கும் அமெச்சூர் வானொலிக்காரருக்கு அவை கைக்கெட்டும் மூலப்பொருள்.

இதை உருவாக்கியவர்கள் ஜப்பானின் செண்டாய் நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷின்டாரோ உடாவும் ஹிடெட்சுகு யாகியும். 1926இல் ஜப்பானிய மொழியில் வெளியான ஆய்வு, 1928இல் யாகி ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரையால் உலகுக்குத் தெரிந்தது. உழைப்பில் பெரும்பங்கு உடாவுடையது. பெயரோ யாகிக்குப் போய்விட்டது. இன்று பலர் யாகி-உடா என்று சேர்த்தே எழுதுகிறார்கள், அதுதான் நியாயம்.

அமைப்பு எளிது. பின்னால் சற்று நீளமான ரிஃப்ளெக்டர், நடுவில் கேபிள் இணையும் டைபோல், முன்னால் சற்றுக் குட்டையான டைரக்டர். அமெச்சூர்கள் அதிகம் பேசும் 145 மெகாஹேர்ட்ஸில் அலைநீளம் ஏறத்தாழ 2.07 மீற்றர். 6 மில்லிமீற்றர் அலூமினியக் கம்பி என்றால் ரிஃப்ளெக்டர் சுமார் 102 சென்றிமீற்றர், டைபோல் 97, டைரக்டர் 93, இடைவெளி 41 என்று தொடங்கலாம். பழைய தொலைக்காட்சி அன்டெனாவை அப்படியே எடுத்துப் பூட்டினால் இது கிடைக்காது. 174 முதல் 230 மெகாஹேர்ட்ஸ் வரையிலான அலைவரிசைக்கு வெட்டிய கம்பிகள் 145க்குக் குட்டை. கம்பியையும் இடைவெளியையும், எந்த அலைவரிசைக்கு வெட்டியது என்பதைப் பொறுத்து, ஏறக்குறைய 1.2 முதல் 1.6 மடங்காக்க வேண்டும். இன்னொன்று: தொலைக்காட்சிக் கம்பிகள் பெரும்பாலும் படுக்கையாக இருக்கும், கையடக்க வானொலிகளோடும், கேட்டதை மீண்டும் பரப்பும் ரிப்பீட்டர்களோடும் பேசுவதற்கு அவை செங்குத்தாக நிற்க வேண்டும். ஒரு முனையில் படுக்கையும் மறுமுனையில் செங்குத்துமானால் திறந்த வெளியில் சிக்னல் நூறில் ஒரு பங்காகக்கூடச் சுருங்கும். செங்குத்தாக்கியபின் இரும்புக் குழாய் கம்பிகளுக்கு நடுவே வந்தால் அதுவும் ஒரு கம்பி போல நடந்து குழப்பும். மூங்கில் கம்பத்தில் அந்தத் தொல்லை இல்லை. இரும்புதான் இருக்கிறதென்றால் அன்டெனாவை ரிஃப்ளெக்டருக்குப் பின்னால் பிடித்து நிறுத்தலாம்.

முதல் அன்டெனா வேலை செய்தவுடன் யாருக்கும் வரும் ஆசை, இன்னும் சில கம்பி சேர்ப்பது. அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனத்துக்காக பீட்டர் வீஸ்பிக் 1976இல் வெளியிட்ட அளவீடுகள் இந்த ஆசைக்குக் கணக்குச் சொல்கின்றன. மூன்று கம்பி அன்டெனா, தனி டைபோலைவிட 7.1 டெசிபெல் கூடுதலாகத் தரும். ஐந்து கம்பி 9.2, ஆறு கம்பி 10.2. மூன்றிலிருந்து ஆறுக்குப் போக, தாங்கும் தண்டு 83 சென்றிமீற்றரிலிருந்து இரண்டரை மீற்றராக வளர வேண்டும். கிடைப்பது மூன்று டெசிபெல், அதாவது இரண்டு மடங்கு சக்தி. மலைக் காற்றில் அந்த நீளத்தைத் தாங்கிப் பிடிப்பது வேறொரு பாடு.

அந்தச் சக்தியில் பெரும்பகுதியைக் கீழே கேபிளில் மீட்கலாம். மெல்லிய ஆர்.ஜி.-58 கேபிள் 20 மீற்றர் போட்டால் 145 மெகாஹேர்ட்ஸில் ஏறத்தாழ 4 டெசிபெல் போகும். வானொலி தரும் 10 வாட்டில் 4 வாட்தான் மேலே சேரும். தடித்த ஆர்.ஜி.-213 ஆறரை வாட்டைக் கொண்டுபோகும். டிஷ்ஷுக்கு இழுக்கும் 75 ஓம் ஆர்.ஜி.-6 இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே கொண்டுபோகும். 50 ஓம் வானொலியோடு சிறு பொருத்தமின்மை இருந்தாலும் இழப்பு அற்பம். விலையும் குறைவு, எந்தக் கடையிலும் கிடைக்கும். இருக்கிற மூன்று கம்பியை வைத்துக்கொண்டு கேபிளை மாற்றுவதுதான் மலையகத்தில் முதலில் செய்ய வேண்டிய திருத்தம்.

அடுத்தது அளவீடு. எஸ்.டபிள்யூ.ஆர். மீற்றர், அனுப்பிய சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும். ஒன்றுக்கு நெருங்கினால் நல்லது என்று எல்லோரும் படித்திருப்பார்கள். ஆனால் இழப்பு மிக்க கேபிள் இந்த மீற்றரை ஏமாற்றும். மேலே சொன்ன ஆர்.ஜி.-58இன் மேல் முனையில் அன்டெனாவே இல்லாவிட்டாலும், போகும்போதும் வரும்போதும் சக்தி கரைவதால், கீழே மீற்றர் 2.3 அளவில்தான் காட்டும். வட்டவளை போல ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் இடங்களில் கேபிள் முனைக்குள் தண்ணீர் இறங்கினால் இழப்பு கூடி, மீற்றர் முன்பைவிட நல்ல எண் காட்டவும் கூடும். தென்மேற்குப் பருவத்தில் திடீரென்று அளவு அழகாகிவிட்டால் சந்தேகப்பட வேண்டும். ஆகவே அளப்பதை அன்டெனாவுக்குப் பக்கத்திலேயே, ஒரு மீற்றருக்கும் குறைந்த கேபிளில் செய்வது மேல். 2019 முதல் மலிவாகக் கிடைக்கும் நானோ-வி.என்.ஏ. கருவி இதற்குப் போதும்.

பொருத்தும் வேலையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பக்கத்துக் கம்பிகளின் பாதிப்பால் டைபோலின் மின்தடை 73 ஓமிலிருந்து 30க்கும் கீழே இறங்கலாம். டைபோலைச் சற்றுக் குறைத்து, நடுவில் கேபிள் இணையும் இரு முனைகளுக்கும் குறுக்கே யு வடிவில் வளைத்த செப்புக்கம்பி ஒன்றைப் பூட்டினால் அது 50ஐ எட்டும். திருத்துவதெல்லாம் டைபோலிலும் அந்தச் செப்புக்கம்பியிலும் மட்டும்; ரிஃப்ளெக்டரையும் டைரக்டரையும் தொட்டால் திசைக்குவிப்பு கெடும். செம்பு அலூமினியத்தை நேரே தொடும் இடம் ஈரத்தில் அரிக்கும் என்பதால் நடுவே துருவேறா எஃகு வொஷர் வேண்டும். இணைப்புக்கு முன் கேபிளைக் கீழே தொங்கவிட்டு ஒரு வளைவு கொடுத்தால் மழைநீர் அங்கே சொட்டிவிடும்.

மலை தடுக்கும், மலையே உதவும். ஒரு பள்ளத்தாக்கில் இருப்பவரும் அடுத்த பள்ளத்தாக்கில் இருப்பவரும் ஒருவரை ஒருவர் நோக்கித் திருப்பினால் இடையிலுள்ள முகடு மறைக்கும். இருவருக்கும் தெரியும் ஓர் உச்சியை நோக்கித் திருப்பினால், அங்கே வளைந்தும் தெறித்தும் வரும் அலை சில வேளை பேசுவதற்குப் போதுமாகிறது. அதனால் வரைபடத்தில் கோடு போட்டுத் திசை பார்ப்பதைவிட, நிலையான ஒரு சிக்னலைக் கேட்டபடி அன்டெனாவை முழுச் சுற்றுத் திருப்பிப் பார்ப்பது பயனுள்ளது.

இந்த உழைப்புக்குப் பொதுப்பயனும் உண்டு. 2004 டிசெம்பர் சுனாமியின்போது ஹம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே அமெச்சூர்களின் சிற்றலைத் தொடர்பு வேலை செய்தது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்ட லயங்களை மண்சரிவு மூடியதைக் கண்ட மலையகத்தில், தொலைபேசிக் கோபுரத்தை நம்பாத ஒரு வழி இருப்பது ஆடம்பரம் அல்ல. அலைபரப்ப, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் உரிமம் கட்டாயம். கேட்பதற்கான அன்டெனாவை மாணவர்கள் முதலில் கட்டிப் பழகலாம். மார்ச்-ஏப்ரலிலும் ஒக்டோபர்-நவம்பரிலும் பிற்பகல் இடி மிகுதி; கம்பத்துக்கு நிலத்தொடுப்பு கொடுத்து, முதல் முழக்கத்துக்கு முன்பே கேபிளைக் கழற்றிவிட வேண்டும்.

ஆழ்ந்த பள்ளத்தாக்கில் இருப்பவருக்கு மேலே திறந்திருக்கும் வானம் போதும். சர்வதேச விண்வெளி நிலையத்தின் அமெச்சூர் ஒலிபரப்பு 145.800 மெகாஹேர்ட்ஸில் வரும். மூன்று கம்பி அன்டெனாவைக் கையில் பிடித்து, நிலையம் கடக்கும் சில நிமிடங்கள் அதைப் பின்தொடர்ந்து, குரல் மங்கும்போதெல்லாம் மணிக்கட்டைச் சற்றுத் திருகினால் தெளிவு திரும்பும்; நிலையத்தின் அலை எந்தக் கோணத்தில் வந்தாலும் அந்தத் திருகல் அதைப் பிடித்துவிடும்.