நூறு, ஐம்பது, இருபது, பத்து

போன வாரம் மாலை நடைக்குப் போனவன், கேம்ப் ரோடிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், வெல்டிங் பட்டறை ஒன்றின் எதிரே நின்றுவிட்டேன். ஏதோ கல்யாண மண்டபத்து முகப்புக்கு இரும்பு வளைவு தயாராகிக்கொண்டிருந்தது. இருபது அடி சேனல். மூன்று உருளை கொண்ட ரோலிங் மெஷினில் ஒரு முனையைக் கொடுத்து மோட்டாரைப் போட்டால், மறுபக்கம் வில்லாக வளைந்து மேலே எழும்புகிறது. பார்க்க அழகுதான். ஆனால் உருளைக்கு ஒரு சாண் தள்ளி, பதினெட்டு வயதுகூட நிரம்பாதவன்போல் தெரிந்த பையன், கையுறை போட்ட கையால் சேனலை அழுத்திப் பிடித்திருந்தான். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

வேலையில் இருந்த காலத்தில் விபத்து நஷ்டஈட்டுக் கோப்புகள் என் மேஜைக்குப் பல வருஷம் வந்தன. அதனால் எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் எனக்கு முதலில் கண்ணில் படுவது விரல்தான்.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். அங்கே 'ப்ளியே' என்றால் மடக்குவது, 'சேன்த்ரே' என்றால் வில்லாக வளைப்பது என்று தனித்தனிச் சொல் கற்றுக்கொடுத்தார்கள். நம் பட்டறைக்காரர்களோ இரண்டையும் 'பெண்டிங்' என்று முடித்துவிடுகிறார்கள். ஆனால் ஆபத்து இரண்டிலும் வேறு வேறு. மடக்குகிற பிரஸ் மேலிருந்து கீழே ஒரே அடியாக இறங்கும், விரல் நசுங்கும். வளைக்கிற உருளை மெதுவாகச் சுழன்று உள்ளே இழுக்கும். கையுறை நுனி, சட்டைக் கை, தோளில் கிடக்கும் துண்டு, எது மாட்டினாலும் கை பின்னாலேயே போகும். உருளைப் பக்கத்தில் கையுறை பாதுகாப்பு இல்லை, அதுவே தூண்டில். இன்னொன்றும் உண்டு: நீளமான சேனல் வளைய வளைய அதன் வால்முனை ஓரிடத்தில் நிற்காது, வீசிக்கொண்டு வரும். பின்னால் நிற்பவர் மண்டையைக் காத்துக்கொள்ள வேண்டும்.

மோட்டார் வருவதற்கு முன் இந்த வேலை நெருப்பில் நடந்தது. கப்பல் கட்டும் துறைகளில் தரை முழுக்கத் துளை போட்ட பெரிய இரும்புப் பலகை இருக்கும். வேண்டிய வளைவுக்கு ஏற்றபடி துளைகளில் முளை அடித்து, உலையில் செவக்கக் காய்ந்த ஆங்கிளை இழுத்து வந்து, ஆள்பலத்தோடு முளைகளை ஒட்டி வளைப்பார்கள். சூடு பட்டது, சம்மட்டி தவறியது என்று காயம் உண்டு. ஆனால் களைத்தால் மனிதன் நின்றுவிடுவான், அவனோடு வேலையும் நிற்கும். மோட்டார் நிற்காது.

வளைந்த எஃகு நம் வாழ்க்கையில் எவ்வளவு இருக்கிறது என்று யோசித்தால் ஆச்சரியம். தாம்பரத்துக்கு 1931இல் மின்சார ரயில் வந்தது முதல் அதில் போய்வருகிறோம். 1908இல் திறந்த எழும்பூர் நிலையத்தின் கூரை வளைவுகளை எத்தனை பேர் அண்ணாந்து பார்த்திருப்போம்? 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் கப்பலுக்கு வழிவிடும் இரண்டு இலைகளும், வளைந்த அடிப்பாகத்தின்மேல் உருண்டுதான் எழும்பின. பெரம்பூரில் 1955 அக்டோபர் 2 அன்று நேரு தொடங்கிவைத்த ஐ.சி.எஃப். ஆலையில், சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் கம்பெனி தந்த வடிவமைப்பில் முழுக்க எஃகுப் பெட்டிகள் செய்தார்கள். அந்தக் கூரைக்கு அடியில் விலா எலும்பு மாதிரி வரிசையாக இருப்பவையும் வளைத்தெடுத்த எஃகுதான். பெரிய ஆலையில் இன்ஸ்பெக்டர் வருவார், தடுப்பு இருக்கும், கேள்வி கேட்கச் சங்கம் இருக்கும். என் கவலை சின்னப் பட்டறை.

அதற்குத்தான் தலைப்பில் உள்ள எண்கள். இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881இல் வந்தது. இயந்திரத்துக்குத் தடுப்பு போட வேண்டும் என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். (வெள்ளைக்காரனுக்கு நம்மேல் வந்த திடீர்க் கருணை என்று நினைக்க வேண்டாம், பம்பாய் மில்கள் மலிவாக நெய்கின்றன என்ற லங்காஷயர் முதலாளிகளின் எரிச்சலுக்கும் அதில் பங்கு உண்டு.) ஆனால் அது 100 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்துக்கு மட்டும். 1891இல் அது 50 ஆயிற்று. 1918இல் பெரம்பூர் மில் தொழிலாளர்களுக்காக வாடியாவும் திரு.வி.க.வும் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கிய நான்கு வருஷத்தில், 1922இல், 20 ஆனது. சுதந்திரத்துக்குப் பின் 1948 சட்டம், மின்சாரம் உபயோகிக்கும் இடமானால் 10 பேர் போதும் என்றது. அதன் 21ஆம் பிரிவு தடுப்பு, 22ஆம் பிரிவு ஓடும் இயந்திரத்தருகே இறுக்கமான உடை, 23ஆம் பிரிவு பயிற்சி இல்லாத இளவயதினரை ஆபத்தான இயந்திரத்தில் விடக்கூடாது, 24ஆம் பிரிவு அவசரத்துக்கு மின்சாரத்தைத் துண்டிக்கும் வசதி. நான் பார்த்த பட்டறைக்கு வேண்டியது எல்லாம் அந்த நாலு பிரிவில் இருந்தது. ஆனால் அங்கே வேலை செய்பவர்கள் மொத்தம் ஐந்து பேர்!

85ஆம் பிரிவின்படி மாநில அரசு நினைத்தால் சின்ன இடத்தையும் சட்டத்துக்குள் கொண்டுவரலாம் என்று இருந்தது. அது தனிக் கதை. 2020இல் வந்த புதிய சட்டத்தொகுப்பு அந்த 10ஐ மறுபடி 20 ஆக்கிவிட்டது. 139 வருஷமாக இறங்கிவந்த எண் முதல்முறையாக ஏறியது. சிறுதொழிலுக்குத் தொல்லை குறையும் என்கிறார்கள். இருக்கலாம். மூன்று உருளைக்கு ஆள் எண்ணத் தெரியாது.

என் கைக்கு வந்த கோப்புகளில் ஒன்றை மறக்க முடியவில்லை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பையனுக்கு 20 வயது. பட்டை மடக்கும் பிரஸ். கரண்ட் போயிற்று. சிக்கிய துண்டை எடுக்கக் கையை விட்டான். கரண்ட் வந்தது. போன கரண்ட் திரும்பினாலும் பட்டனை மறுபடி அழுத்தாமல் மோட்டார் ஓடக் கூடாது என்பதற்காகத்தான் ஸ்டார்ட்டரில் நோ-வோல்ட் காயில் இருக்கிறது. அது கெட்டுப்போய், யாரோ ஒரு கம்பியால் நேரடியாக இணைத்துவிட்டிருந்தார்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின.

1923ஆம் வருஷ நஷ்டஈட்டுச் சட்டத்தில் விரலுக்கு ஓர் அட்டவணை இருந்தது. ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14 சதவீதம். நடுவிரல் 12. கூட்டினால் 26. ஆனால் ஒரே கையில் இரண்டு விரல் போனால் என்று தனியாக ஒரு வரி, அதில் 20தான். எப்படிக் கூட்டினார்களோ! மோதிர விரலும் சுண்டு விரலும் தலைக்கு 7, கூட்டினால் 14. அவை இரண்டும் சேர்ந்து போனாலும் அதே 20. அன்றைய கணக்கில் மாதச் சம்பளம் 2000 என்றால், அதில் 60 சதவீதம், 20 வயதுக்கான காரணி 224, அதில் 20 சதவீதம்: ரூபாய் 53,760. இருபத்தாறு என்று போட்டிருந்தால் 69,888. வித்தியாசம் 16,128 ரூபாய். ஒரு வரியின் விலை. மேலதிகாரியிடம் சொன்னேன். "சட்டத்தில் என்ன இருக்கிறதோ அதைப் போடுங்கள்" என்றார். போட்டேன்.

முதலாளி தரப்பு, 'அவனே கையை விட்டான்' என்று வாதாடியது. பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே கழற்றியவனுக்கு நஷ்டஈடு மறுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் அந்த பிரஸ்ஸில் கழற்றுவதற்குத் தடுப்பே இருந்ததில்லை. பையன் பணம் வாங்க வந்தபோது கையெழுத்தை இடது கையால் போட்டான். பழகிக்கொண்டு வந்திருந்தான்.

பட்டறைக்கு மறுநாள் போனேன். சொந்தக்காரர் மரியாதையாக ஸ்டூல் போட்டு, "சொல்லுங்க சார், கேட் ஏதாவது பண்ணணுமா?" என்றார். இல்லை, தம்பிக்குக் கையுறை வேண்டாம், சேனலின் முனையைத் தாங்க உருளைக்கு முன்னும் பின்னும் ஒரு ஸ்டாண்டு போடுங்கள், கைக்கெட்டும் இடத்தில் நிறுத்தும் பட்டன் ஒன்று வையுங்கள் என்றேன். ஸ்டாண்டுக்குப் பட்டறையிலேயே ஆங்கிள் துண்டு கிடக்கிறது, பட்டனுக்கு மட்டும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும் என்றார். டீ வாங்கிக் கொடுத்தார்.

நேற்று அந்த வழியாகப் போனேன். ஸ்டாண்டு வந்திருக்கிறது. பட்டன் இன்னும் இல்லை. அடுத்த வாரம் மறுபடி போவேன்.