நூறு யாருக்கு அப்பால்

எறிதல் விளையாட்டுகள் எல்லாவற்றிலும் ஒரு தேக்கம் உண்டு. பயிலத் தொடங்கியவரின் தூரம் சில மாதங்கள் வேகமாக வளரும்; பின்னர் ஓரிடத்தில் நின்றுவிடும். எவ்வளவு பலங்கொண்டு வீசினாலும் ஒரு முழம்கூடக் கூடாது. பந்துக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் தட்டை எறிந்து, சங்கிலிகள் தொங்கும் கூடையில் சேர்க்கும் தட்டு கோல்ப் விளையாட்டில், பொழுதுபோக்காக ஆடுவோர் பலர் சிக்கிக்கொள்ளும் எல்லை ஏறக்குறைய முந்நூறு அடி, அதாவது நூறு யார்.

இதே நூறு யார் நமது வரலாற்றிலும் வருகிறது. 1795 அளவில் சிவகங்கைச் சீமையில் சின்ன மருதுவிடம் ஈட்டியும் வளரியும் எறியக் கற்றுக்கொண்டவர் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கும்பினிப் படை அதிகாரி. தேர்ந்த கையிலிருந்து புறப்படும் வளரி நூறு யாருக்குள் குறி தவறாது என்று, 1830இல் வெளிவந்த தமது நினைவுக் குறிப்புகளில் அவர் எழுதினார். சின்ன மருது 1801 ஒக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார். ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. வளரிகளை இன்று அருங்காட்சியகங்களில் காணலாம். அந்தக் கை எவ்வாறு இயங்கியது என்பதை அங்கே காண முடியாது.

மாறாக, பிளாஸ்டிக் தட்டின் கதை அடிக்கு அடி பதிவாகியுள்ளது. கலிபோர்னியக் கடற்கரையில் கேக் தட்டை எறிந்து விளையாடிய வோல்டர் மொரிசன் வடிவமைத்த தட்டை, 1957இல் வம்-ஓ நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதுவே பிரிஸ்பி. எட் ஹெட்ரிக் அதன் மேற்பரப்பில் வரிகள் அமைத்து, பறப்பை நிலைப்படுத்தி, 1967இல் காப்புரிமை பெற்றார். எழுபதுகளில் சங்கிலிக் கூடையை உருவாக்கியவரும் அவரே. 1983 அளவில் டேவ் டுனிபேஸ் தட்டின் விளிம்பைச் சரிவாகச் செதுக்கினார். காற்றின் தடை குறைந்தது. தூரம் பாய்ச்சலாகக் கூடியது. 2002இல் கிறிஸ்டியன் சாண்ட்ஸ்ட்ரோம் 250 மீற்றர் எறிந்தார். 2016இல் நெவாடாப் பாலைவனத்தில், வலுவான பின்காற்றின் துணையோடு, டேவிட் விக்கின்ஸ் 338 மீற்றரை எட்டினார்.

பரிதி வட்டம் வீசுதலிலும் இதற்கு ஒத்த வரலாறு உண்டு. கிழக்கு ஜேர்மனியின் யூர்கன் ஷுல்ட் 1986இல் வீசிய 74.08 மீற்றரை ஏறக்குறைய 38 ஆண்டுகள் எவராலும் கடக்க இயலவில்லை. 2024 ஏப்ரலில் லிதுவேனியாவின் மைக்கோலாஸ் அலெக்னா, காற்று வாய்ப்பான ஒக்லஹோமா ராமோனாத் திடலில் 74.35 மீற்றர் வீசினார். மறு ஆண்டு அதே திடலில் 75.56 மீற்றர் வீசினார். திறமை அவருடையது, காற்றறிந்து களத்தைத் தெரிந்தமை அறிவின் பயன்.

நூறு யாரில் நிற்கும் சாதாரண ஆட்டக்காரருக்கும் இவ்வரலாறு உதவுகிறது. கையின் வலிமையைக் கூட்டுவது பெரும்பாலும் பயன் தராது. முன்கால் தரையில் ஊன்ற, இடுப்புத் திரும்பி, தோள் தொடர்ந்து, முழங்கையும் மணிக்கட்டும் இறுதியில் விரைய வேண்டும். சாட்டையின் நுனி கடைசியில் விரைவது போல. அடுத்தது தட்டின் முன்விளிம்பு. அது சற்று மேல்நோக்கினாலும் காற்று அடியிற் புகுந்து தட்டை உயரத் தூக்கும், வேகம் இறக்கும், தட்டு விழுந்துவிடும். மூன்றாவது, வேகத் தட்டுகளின் மீதான மோகம். மெதுவான தட்டை நேராகவும் தொலைவாகவும் எறியப் பழகுவோர்க்குத் தம் பிழை விரைவில் தெரியவரும். இவையெல்லாம் எவரோ எறிந்து, அளந்து, எழுதி அடுத்தவர்க்குக் கையளித்த பாடங்கள்.

இதனை அலுவிகாரையிலிருந்து எழுதுவதில் ஒரு பொருத்தம் உண்டு. மாத்தளை நகருக்கு வடக்கே, யாழ்ப்பாணம் செல்லும் பெருவீதியோரப் பாறைகளிடையே அமைந்த இவ்விகாரையில், கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், திரிபிடகம் முதன்முறையாக ஏட்டில் எழுதப்பட்டதென மரபு கூறும். அதுவரை அது பிக்குகளின் நினைவில் வாழ்ந்தது. பஞ்சமும் போரும் வந்தபோது, மனனம் செய்தோர் மடிந்தால் அறமும் மடியுமே என்ற அச்சம் எழுந்தது. ஆகவே எழுதினர்.

வளரிக்கு அத்தகைய ஏடு வாய்க்கவில்லை. ஒரு பாறையின் அளவு நிதானமாக எழுதி வைத்திருந்தால், சின்ன மருதுவின் மாணவர் நூறு யாரிலிருந்து எங்கு போயிருப்பர் என்று வியக்காதிருக்க முடியவில்லை. பத்திரிகைத் தொழிலில் தலை நரைத்த எனக்கு, பதிவின் அருமை இதனினும் தெளிவாக வேறெங்கும் தெரிந்ததில்லை. இன்று நம் பாடசாலைத் திடல்களில் தட்டோ ஈட்டியோ பரிதி வட்டமோ எறியும் பிள்ளைகளுக்கு விலையுயர்ந்த கருவிகள் கிடைக்காதிருக்கலாம். ஓர் அளவு நாடாவும் ஒரு கொப்பியும் கிடைக்கும். இன்றைய எறிதலின் தூரம், காற்றின் திசை, செய்த ஒரு மாற்றம் ஆகிய மூன்றையும் நாள்தோறும் எழுதிவைக்க அவர்களுக்குப் பழக்கினாலே போதும். தேக்கம் எங்கே உள்ளதென்று அந்தக் கொப்பியே காட்டித் தரும்.