திரும்பிப் போன பாதரசம்

காய்ச்சல் வந்தா நாக்குக்கு அடியில வைப்பாங்களே, அந்தக் கண்ணாடி தெர்மாமீட்டர் ஞாபகம் இருக்கா? திருநகர் வீட்டுல சின்ன வயசுல ஒண்ணைப் போட்டு உடைச்சேன். அம்மாகிட்ட வாங்கின அடி தனிக்கதை :-) அடியைவிட, சிமெண்ட் தரையில ஓடின வெள்ளி உருண்டைகளை விரலால தள்ளி விளையாடினதுதான் நல்லா நினைவிருக்கு. அது விஷம்னு வீட்டுல யாருக்கும் தெரியாது.

மதுரையிலிருந்து பஸ் ஏறினா மூணு, நாலு மணி நேரத்துல கொடைக்கானல். அங்கே அந்த உருண்டைகளுக்கு நடுவுலயே வருஷக்கணக்கா வேலை பார்த்தவங்க இருக்காங்க.

பாதரசம் கிடைக்கிற தாது, நம்ம சித்த வைத்தியர்கள் சொல்ற சாதிலிங்கம். ஸ்பெயின்ல அல்மாதென் சுரங்கத்துல அதை வெட்ட ஒரு காலத்துல கைதிகளை இறக்கினாங்க. கை நடுக்கம், ஈறு வீக்கம், பல் கொட்டுறது எல்லாம் அங்கே அப்பவே பார்த்தாச்சு. சாதாரண வெப்பத்துலயே ஆவியாகும், வாசனை கிடையாது. மூச்சு வழியா ரத்தத்துக்குப் போய் மூளையையும் சிறுநீரகத்தையும் பிடிக்கும். ஆக, தெரியாம நடந்ததுன்னு சொல்ல வழியில்லை.

அமெரிக்காவுல வாட்டர்டவுன்ல ஓடிக்கிட்டிருந்த தெர்மாமீட்டர் ஆலை 1983 வாக்குல கொடைக்கானலுக்கு வந்தது. முதல்ல பாண்ட்ஸ், பிறகு இந்துஸ்தான் லீவர். பாதரசம் வெளிநாட்டிலிருந்து வரும், செஞ்ச தெர்மாமீட்டர் வெளிநாட்டுக்கே போகும். நமக்கு மிஞ்சினது உடைசல்.

அந்த உடைசல்தான் காட்டிக் கொடுத்தது. 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடை ஒண்ணுல பாதரசம் ஒட்டின கண்ணாடி 7.4 டன் கிடந்ததை ஊர்க்காரங்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் வெளியில கொண்டுவந்தாங்க. பள்ளிக்கூடமும் வீடுகளும் இருக்கிற ஜன நெரிசலான இடம் அது. அந்த வருஷமே ஆலையை மூடினாங்க. 2003-ல சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே போச்சு. பணக்கார நாட்டுக் கழிவு இங்கிருந்து திரும்பிப் போறது அபூர்வம். அதுல எனக்கு சந்தோஷம்தான்.

ஆனா உடம்புக்குள்ள போனதைக் கப்பல்ல ஏத்த முடியாதே. இவ்வளவு ஆபத்துன்னு யாரும் சொல்லலைன்னாங்க தொழிலாளர்கள். வேலையால யாருக்கும் உடம்பு கெடலைன்னு சொன்னது நிறுவனம். 2006-ல சென்னை உயர்நீதிமன்றம் போன வழக்கு 2016 மார்ச்சில்தான் சமரசமாச்சு. 591 பேருக்குப் பணம். எவ்வளவுன்னு வெளியில சொல்லலை. 15 வருஷம் காத்திருந்ததுல சிலர் போயே சேர்ந்துட்டாங்க. அவங்க குடும்பத்துக்காரங்கதான் வாங்கிக்கிட்டாங்க.

மண்ணு கதை இன்னும் இழுவை. ஆலைக்குக் கீழே பாம்பாறு சோலை. அந்தத் தண்ணி கும்பக்கரை வழியா வைகைப் பக்கம் இறங்குது. ஆலை மண்ணுல கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரை பாதரசம் விட்டு வைக்கலாம்னு கணக்கு போட்டாங்க, அது ரொம்ப அதிகம்னு உள்ளூர்க்காரங்க சண்டை போட்டாங்க.

கொடைக்கானல்காரங்க யாராவது இதைப் படிச்சா, நான் விட்டதை நீங்க எழுதுங்க.