குலசையிலிருந்து வெளிநாட்டுக்கு ஒரு சைக்கிள்

பொட்டி தட்டும் வேலைக்கு வந்து ஆறு வருஷத்தில் முதல்முறையாக மேனேஜரே கூப்பிட்டு, "லீவு நிறைய பாக்கி இருக்கு, மார்ச்சுக்குள்ள எடுத்துடு, இல்லைன்னா போயிடும்" என்றார். கனவோ என்று கிள்ளிப் பார்த்துக்கொண்டேன். பதினைந்து நாள். அதுவும் மார்ச் மாதத்தில்.

வெளிநாட்டில் சைக்கிள் மிதிக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. ஈசிஆரில் பாண்டிச்சேரி வரை போய் வந்ததுதான் என்னுடைய உச்சபட்ச சாதனை. உடனே எக்செல் திறந்து கட்டம் கட்டமாகப் போட ஆரம்பித்தேன் (புத்தி வேறெங்கே போகும்?). விமானச் செலவு, விசா, மேடு, காற்று, கடைசிக் கட்டத்தில் சோறு. நெதர்லாந்தில் மேடே கிடையாது, சைக்கிளுக்கென்றே தனிச்சாலை. ஆனால் மார்ச்சில் குளிரும், விசாவுக்கு நடையாய் நடக்க வேண்டும். ஜெர்மனியின் பாஸாவிலிருந்து வியன்னா வரை டான்யூப் நதியோரம் 300 கிலோமீட்டருக்கு மேல் ஒரு பாதை இருக்கிறது, போட்டோ பார்த்தாலே வாயில் ஜொள்ளு. பர்ஸைப் பார்த்தால் கண்ணில் தண்ணீர். வியட்நாம் எல்லா கட்டத்திலும் நல்ல மார்க். அநேகமாக அதுதான் என்று முடிவு செய்துவிட்டு ஊருக்குப் போனேன்.

ஊர் குலசேகரன்பட்டினம். தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூருக்குத் தெற்கே. முன்பெல்லாம் ஊர்ப்பேர் சொன்னால் "தசராவுக்கு வேஷம் கட்டுவாங்களே, அந்த ஊரா?" என்பார்கள். இப்போது "ராக்கெட் ஊரா?" என்கிறார்கள். 2024 பிப்ரவரி 28-ல் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஏன் எங்கள் ஊர் என்பதற்கான காரணத்தைக் கவனியுங்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே விட்டால் வழியில் இலங்கை வந்துவிடும், அதனால் ராக்கெட் வளைந்து சுற்றிப் போகிறது, எரிபொருள் வீண். குலசையிலிருந்து விட்டால் இலங்கையைத் தொடாமலே நேராகப் போய்விடலாம்.

ஆச்சியிடம் வியட்நாம் பற்றிச் சொன்னேன். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டாள்.

"அது எங்கல இருக்கு?"

"ரொம்ப தூரம் ஆச்சி. வெளிநாடு."

"வெளிநாடுன்னா கொழும்புக்குப் போவேன். உங்க தாத்தா வருசா வருசம் போயிட்டு வந்தாவள்லா. அத விட்டுட்டு எவனோ இருக்குற ஊருக்கு எதுக்குப் போற?"

எக்செல்லில் இலங்கைக்கு ஒரு வரி கூட இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மேப்பைத் திறந்து அளந்து பார்த்தேன். எங்கள் கடற்கரையிலிருந்து கல்பிட்டி பக்கம் நேர்கோட்டில் 200 கிலோமீட்டருக்குள்தான். சென்னை 500-க்கும் மேல். அடுத்த வீட்டை விட்டுவிட்டு அடுத்த கண்டத்தைத் தேடியிருக்கிறேன். எப்படி இப்படி மறந்தோம் என்று தோண்ட ஆரம்பித்ததில் கிடைத்தவைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் கொசுவத்தி சுத்தும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மன்னார் வளைகுடா ஒரே கடல். முத்துச்சிப்பி கிடக்கும் பார்கள் நம் பக்கம் தூத்துக்குடிக்கு எதிரேயும் உண்டு, அந்தப் பக்கம் மன்னாருக்குத் தெற்கே அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டிக்கு எதிரேயும் உண்டு. எந்த வருஷம் எங்கே சிப்பி விளைகிறதோ அங்கே இரண்டு கரை ஆட்களும் போனார்கள். ஃபிரான்சிஸ் சேவியர் 1542-ல் இந்தக் கரைக்கு வந்தார். எங்கள் ஊருக்கு அடுத்த மணப்பாட்டில் அவர் தங்கியதாகச் சொல்லும் குகையை இன்றும் காட்டுவார்கள். அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 1544-ல், மன்னாரில் புதிதாக மதம் மாறிய நூற்றுக்கணக்கானவர்களை யாழ்ப்பாண மன்னர் சங்கிலி கொல்ல வைத்தார். 1560-ல் போர்ச்சுகீசியர் மன்னாரைப் பிடித்துக் கோட்டை கட்டியபோது, முத்துக்குளித்துறையிலிருந்து பரதவர் குடும்பங்களைக் கொண்டுபோய் அங்கே குடியேற்றினார்கள். அக்கரைக்காரர்கள் என்று நாம் சொல்பவர்களில் ஒரு பகுதி இக்கரைக்காரர்கள்தான்.

முத்துக்குளிப்பு நடப்பது பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை. வடகிழக்குப் பருவக்காற்று அடங்கி, தென்மேற்கு ஆரம்பிக்கும் முன் கடல் குளம் மாதிரி கிடக்கும் காலம். (காற்று இல்லாத மாதம் சைக்கிள்காரனுக்கும் தோது. மேனேஜர் கொடுத்த மார்ச், தோணிக்காரர்கள் கண்டுபிடித்த மார்ச்!) அந்தச் சில வாரங்களுக்கு மணல் மட்டும் இருக்கும் கடற்கரையில் ஓலையிலும் கம்பிலும் ஒரு ஊரே முளைக்கும். தூத்துக்குடி, கீழக்கரை, யாழ்ப்பாணம், அரபுநாட்டு ஆட்கள் எல்லாரும் வருவார்கள். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்து இறங்க வேண்டும். சுறாவின் வாயைக் கட்டுவதற்கென்றே கடல்கட்டி என்று ஒருவர். அவர் மந்திரம் சொல்லாமல் யாரும் தண்ணீரில் இறங்க மாட்டார்கள், அதனால் வெள்ளைக்கார அரசாங்கமும் அவரை வைத்துக்கொண்டுதான் வேலையை நடத்தியது. எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு இறங்கியவர்களுக்கு. சிப்பியைத் திறந்து பார்க்காமலே ஆயிரக்கணக்கில் ஏலம். உள்ளே முத்து இருக்கிறதா என்பது வாங்கினவன் ஜாதகம்.

1905-ல் இலங்கைப் பார்களில் மட்டும் 8 கோடிக்கு மேல் சிப்பி எடுத்தார்கள். அதைப் பார்த்து நாக்கில் எச்சில் ஊறிய லண்டன் கம்பெனி ஒன்று 1906-ல் பார்களை 20 வருஷக் குத்தகைக்கு எடுத்தது. அந்த வருஷக் குளிப்பில் மேற்பார்வைக்கு வந்த அதிகாரிகளில் ஒருவர் லெனார்ட் வுல்ஃப். பின்னாளில் எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபின் கணவரானவர். ஆனால் சிப்பிகள் குத்தகையில் கையெழுத்துப் போடவில்லையே! சில வருஷத்தில் பார்கள் வெறுமையாகி, குத்தகை முடியும் முன்பே கம்பெனியை இழுத்து மூடினார்கள். நம் பக்கம் தூத்துக்குடியில் 1961-ல் நடந்ததுதான் கடைசிக் குளிப்பு. அரிப்பில் முத்துக்குளிப்பை மேற்பார்க்க கவர்னர் நார்த் 1804 வாக்கில் கட்டிய மாளிகை, தூண் தூணாக இடிந்து கடலுக்குள் சரிந்துகொண்டிருக்கிறது. என் பாதையில் முதலில் குறித்த புள்ளி அதுதான்.

முத்துக்காக மட்டும் போனார்கள் என்றால் நிம்மதியாக வியட்நாமை அழித்துவிட்டு இலங்கை என்று எழுதியிருப்பேன்.

1820களிலிருந்து கண்டி மலையில் காப்பி போட ஆரம்பித்தார்கள். பறிக்க ஆள் வேண்டும். திருநெல்வேலி, ராமநாதபுரம், மதுரை, திருச்சி, புதுக்கோட்டை என்று மழை பொய்த்த ஊர்களிலிருந்தெல்லாம் கங்காணிகள் ஆள் சேர்த்தார்கள். முன்பணம் கொடுப்பார்கள். வழிச்செலவும் அதிலேயே கடனாக ஏறும். ராமேஸ்வரம் பக்கம் தோணி ஏறி தலைமன்னாரில் இறங்கினால் அங்கிருந்து மாத்தளை வரை சுமார் 150 மைல். நடைதான். மடு, மதவாச்சி, தம்புள்ளை வழியாக, பாதி தூரம் காடு. குடிக்கத் தண்ணீர் கிடைக்காது, கிடைத்த இடத்தில் காலரா. விழுந்தவர்களுக்காகக் கூட்டம் நிற்காது, கங்காணிக்கு ஆளைக் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் கணக்கு. காப்பி பறிப்பு பருவ வேலை என்பதால் பலர் சம்பாத்தியத்தோடு அதே வழியில் திரும்பி நடந்தார்கள், அடுத்த வருஷம் மறுபடியும். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் அந்தப் பாதையில் போன கூட்டத்தைச் சொல்லவே வேண்டாம்.

1869-ல் காப்பி இலையில் துரு மாதிரி ஒரு நோய் விழுந்து, அடுத்த இருபது வருஷத்தில் காப்பி அழிந்து தேயிலை வந்தது. தேயிலை வருஷம் பூரா பறிக்க வேண்டிய பயிர். போனவர்கள் அங்கேயே தங்க வேண்டியதாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நடைபாதை ஓய்ந்து, தூத்துக்குடி-கொழும்பு கப்பல்தான் பெரிய வழி. 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியது இந்தத் தடத்துக்காகத்தான். அவ்வளவு கூட்டம், அவ்வளவு காசு. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் இனாமாகவே ஏற்றி கையில் ஒரு குடையும் கொடுத்ததாகச் சொல்வார்கள். இன்றைய ஆஃபர் யுத்தமெல்லாம் அதற்கு முன்னால் ஜுஜுபி. 1914-ல் தனுஷ்கோடி-தலைமன்னார் கப்பல் ரயிலோடு இணைந்து, போட் மெயில் வந்தது.

என் தாத்தா போனது அதில்தான். தோட்டத்துக்கு இல்லை, புறக்கோட்டையில் ஒரு மளிகைக்கடையில் கணக்கெழுத. குலசை, உடன்குடி, காயல்பட்டினம் பக்கம் அந்தத் தலைமுறையில் வீட்டுக்கு ஒருவராவது கொழும்பில் இருந்தார்கள். 1948-ல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்ததும் தோட்டத்துத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் எந்த நாட்டுக்காரரும் இல்லாமல் ஆனார்கள். கடைக்காரர்களுக்கும் விசா, பெர்மிட் என்று வருஷா வருஷம் நெருக்கடி. 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம்: 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம். அவர்களில் யாரிடமும் கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்து, டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடியே போய்விட்டது. தாத்தா அதற்கு முந்தைய தீபாவளிக்கு ஒரு தகரப்பெட்டியோடு வந்தவர், திரும்பப் போகவில்லை. பெட்டி இன்னும் ஆச்சி கட்டிலுக்கடியில் இருக்கிறது. பிறகு ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில் போர் தொடங்கியதும் நின்றது. அந்தப் போரின்போது பிறந்த என் மாதிரி ஆட்களுக்கு இலங்கை என்றால் டிவி செய்தி. எக்செல்லில் அது இல்லாமல் போனதற்கு இதுதான் காரணம்.

இங்கேதான் கொஞ்சம் சிக்கல். ஜனங்கள் பசியோடு நடந்து, வழியிலேயே செத்து விழுந்த பாதையில், நான் கியர் சைக்கிளும் குளிர்கண்ணாடியுமாக உல்லாசப் பயணம் போவதா? இரண்டு வாரம் இது மண்டையைக் குடைந்தது. நண்பன் ஒருவனிடம் சொன்னதற்கு, "ஓவரா யோசிக்கிற மாப்ள, பேசாம வியட்நாம் போ, அங்க மட்டும் யாரும் சாகலையா?" என்றான். நியாயமான கேள்வி. ஆனால் அங்கே செத்தவர்கள் யார் என்று எனக்குச் சொல்லித்தர ஒரு ஆச்சி இல்லை.

அப்புறம்தான் 2023-ல் நடந்த ஒரு விஷயத்தைப் படித்தேன். மலையகத் தமிழர் வந்து 200 வருஷமானதை ஒட்டி, ஜூலை 28-ல் தலைமன்னாரில் கிளம்பி, அவர்களுடைய வாரிசுகளும் மற்றவர்களும் அதே வழியில் சுமார் 250 கி.மீ. நடந்து ஆகஸ்ட் 12-ல் மாத்தளை போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். பதினாறு நாள். நடக்க வேண்டிய உரிமை யாருக்கு முதலில் இருக்கிறதோ அவர்களே அந்தப் பாதையைத் திறந்து வைத்துவிட்டார்கள். வியட்நாம் வரியை அன்று ராத்திரி டெலீட் செய்தேன்.

பாதை இதுதான். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் விட்டார்கள், சில நாளில் நின்றது, 2024 ஆகஸ்டில் மறுபடி ஆரம்பித்தது. (2011-ல் தூத்துக்குடி-கொழும்பு கப்பலும் இப்படித்தான் ஜூனில் தொடங்கி நவம்பரில் நின்றுபோனது. நமக்கும் கப்பலுக்கும் அவ்வளவு ராசி.) மார்ச்சில் அது ஓடினால் அதில், இல்லாவிட்டால் விமானத்தில். யாழ்ப்பாணத்திலிருந்து சங்குப்பிட்டிப் பாலம் தாண்டி பூநகரி, ஏ-32 சாலையில் நேராக மன்னார். கடலும் வெட்டவெளியுமாக மேடில்லாத சாலை, நெதர்லாந்தெல்லாம் எதற்கு? மன்னாரில் அரபு வியாபாரிகள் கொண்டுவந்து நட்டதாகச் சொல்லும் பெருக்கமரம் இருக்கிறது, தெருவெல்லாம் கழுதைகள் மேயும். அரிப்புக்குப் போய் அந்த மாளிகையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து தலைமன்னார்.

தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குக் கீழிருந்து மேலே, அவர்கள் போன திசையிலேயே. என் சைக்கிளுக்கு நாலு நாள் வேலை. இறக்கத்தில் மாத்தளையிலிருந்து வந்தால் சுகம் என்று மேப் ஆசை காட்டுகிறது, வேண்டாம். தம்புள்ளைக்குப் பிறகு ஏற்றம். முடியாத இடத்தில் இறங்கித் தள்ளுவேன். மாத்தளையில் முத்துமாரியம்மன் கோயில். நான் கிளம்புவது முத்தாரம்மன் ஊரிலிருந்து. இரண்டு பேரிலும் உள்ள முத்து, கடலில் எடுக்கும் முத்தா, உடம்பில் போடும் முத்தா என்று கேட்டால், எங்கள் ஊரில் இரண்டும்தான் என்பார்கள்.

டிக்கெட் போட்ட பிறகு ஆச்சிக்கு போன் செய்தேன். தாத்தா இருந்த தெரு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"அஞ்சாம் குறுக்குத் தெருன்னு காயிதத்துல எழுதுவாவ. நான் எங்க பாத்தேன்? என்னையத்தான் ஒருநாளும் கூட்டிட்டுப் போவலியே" என்றாள். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "வரும்போது கறுவாப்பட்டை வாங்கிட்டு வா. தாத்தா கொண்டு வருவாவ. இங்க விக்கிறது தடிப்பட்டையா இருக்கு, மணமே இல்ல" என்றாள்.

சைக்கிளின் பின் கேரியரில் கால் கிலோவுக்கு இடம் விட்டிருக்கிறேன்.