படைவீரர் நீதிமுறை

படைவீரர் நீதிமுறை என்பது, படையில் பணிபுரிவோரின் குற்றங்களையும் ஒழுங்குமீறல்களையும் படைக்குள்ளேயே விசாரித்துத் தண்டிக்கும் ஏற்பாடு. குடிமகன் வேலைக்கு வராவிட்டால் சம்பளம் பிடிக்கப்படும், வேலை போகும். சிறைக்குப் போக மாட்டான். படைவீரன் விடுப்பு முடிந்தும் திரும்பாவிட்டால் அது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். மேலதிகாரியின் ஆணையை மறுப்பதும், காவல் பணியில் உறங்குவதும் அப்படியே. உயிரைப் பணயம் வைக்கும் பணியில் ஒருவனின் தவறு மற்றவன் உயிரைப் பறிக்கும் என்பதே இந்தக் கடுமைக்குச் சொல்லப்படும் காரணம். குற்றம் சாட்டுபவரும் தீர்ப்புச் சொல்பவரும் ஒருவராகவே இருக்கலாமா என்பதுதான் இம்முறையின் வரலாறு நெடுகிலும் தொடரும் கேள்வி.

நெடுங்காடு உள்ளிட்ட காரைக்கால் பகுதி, இரு நாடுகளின் படைச் சட்டங்களை அடுத்தடுத்துக் கண்ட நிலம். 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த இப்பகுதியில், 1880ஆம் ஆண்டு ஆணையின்படி கொம்யூன்கள் என்னும் உள்ளாட்சிப் பிரிவுகள் அமைக்கப்பட்டபோது நெடுங்காடும் ஒரு கொம்யூன் ஆனது. 1954 நவம்பர் 1இல் ஆட்சி இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16இல் நிறைவேறியது.

தளபதியின் சொல்லே சட்டம்: 1758

காரைக்கால் வட்டாரம் படைநீதியின் மிகக் கொடிய வடிவத்தை 1758இல் கண்டது. பிரெஞ்சுத் தளபதி லாலி, தஞ்சை அரசர் பிரதாபசிம்மரிடம் பழைய கடன் பத்திரம் ஒன்றின் பணத்தைக் கேட்டுக் காரைக்கால் வழியாகப் படை நடத்தினார். கீழ்வேளூரில் கோயிலைச் சார்ந்த பிராமணர்கள் சிலரை ஒற்றர்கள் என ஐயுற்றுப் பீரங்கி வாயில் கட்டிச் சுடச் செய்தார். ஐயப்பட்டவரும் தீர்ப்பளித்தவரும் அதை நிறைவேற்றியவரும் ஒருவரே.

பின்னர் லாலியும் விசாரணைக் கூண்டில் நின்றார். 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. போர்க்கைதியாக இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்ட அவர், தம்மீதான பழிக்குப் பதில் சொல்வதற்காகத் தாமே பாரிஸ் திரும்பினார். பாரிஸ் பார்லமாந்து நீதிமன்றம் அவரை விசாரித்தது. வழக்கறிஞர் வைத்துக்கொள்ள இடம் தரப்படவில்லை. 1766 மே 9இல் அவர் தலை வெட்டப்பட்டது. அவருடைய மகனும் எழுத்தாளர் வோல்தேரும் போராடியதன் பயனாக 1778இல் அத்தீர்ப்பு ரத்தானது. கீழ்வேளூரில் மாண்டவர்களுக்காக வாதாட அப்படி யாரும் இருக்கவில்லை.

கும்பெனிப் படையும் வேலூரும்

இங்கிலாந்தில் 1689ஆம் ஆண்டின் கலகச் சட்டம், அமைதிக்காலத்தில் படைவீரனைத் தண்டிக்கும் அதிகாரத்தை நாடாளுமன்றத்தின் ஒப்புதலுக்கு உட்படுத்தியது. 1754இல் கிழக்கிந்தியக் கும்பெனியின் படைகளுக்கும் தனிச்சட்டம் வந்தது. இந்தியச் சிப்பாய்களை விசாரிக்கும் நீதிமன்றங்களில் சுபேதார், ஜமேதார் போன்ற இந்திய அதிகாரிகளே உறுப்பினராக அமர்ந்தனர். ஆனால் மன்றத்தைக் கூட்டுவதும் தீர்ப்பை உறுதிசெய்வதும் ஆங்கிலேயத் தளபதிகளின் கையில் இருந்தன.

1805 நவம்பரில் சென்னைப் படைத் தலைமை புதிய தலைப்பாகையைப் புகுத்தியது. நெற்றிக் குறிகளுக்கும் தாடிக்கும் தடை வந்தது. 1806 மே மாதம் வேலூரில் சிப்பாய்கள் சிலர் தலைப்பாகையை அணிய மறுத்தார்கள். அவர்கள் சென்னைக்கு அனுப்பி விசாரிக்கப்பட்டனர். இருவருக்குக் கசையடியும் பணிநீக்கமும் கிடைத்தன. குறை சொன்னவனைக் கலகக்காரனாகக் கண்ட அந்தத் தீர்ப்பு, குறையைத் தீர்க்கவில்லை. 1806 ஜூலை 10 விடியலில் வேலூர்க் கோட்டை எழுந்தது. ஆற்காட்டிலிருந்து வந்த கில்லெஸ்பியின் குதிரைப்படை அன்றே அதை அடக்கியது. பிடிபட்ட சிப்பாய்களில் ஏறக்குறைய நூறு பேரை விசாரணையின்றிச் சுவரோரம் நிறுத்திச் சுட்டனர். பிறகு நடந்த விசாரணையின் முடிவில் 6 பேர் பீரங்கி வாயில் கட்டிச் சுடப்பட்டனர், 5 பேர் துப்பாக்கியால் சுடப்பட்டனர், 8 பேர் தூக்கிலிடப்பட்டனர், 5 பேர் நாடுகடத்தப்பட்டனர்.

அரசும் தன் பிழையை உணராமல் இல்லை. தலைப்பாகை ஆணை கைவிடப்பட்டது. சென்னை ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் படைத்தலைவர் கிராடக்கும் திரும்ப அழைக்கப்பட்டனர். பின்னாளில் கவர்னர் ஜெனரலாக வந்த அதே பெண்டிங், 1835இல் இந்தியச் சிப்பாய்களுக்குக் கசையடியை ஒழித்தார். பத்தாண்டுக்குப் பின், 1845இல், அது மீண்டும் புகுந்தது. 1857 எழுச்சிக்குப் பின்னர், கட்டளை அதிகாரி ஒருவரே நீதிபதியாக அமரும் சுருக்க விசாரணை முறை இந்தியப் படையில் வேரூன்றியது. அதன் விளைவு இன்றும் தொடர்கிறது.

பிரெஞ்சு ஆட்சியில்

புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளிலிருந்து பலர் பிரெஞ்சுக் குடியேற்றப் படைகளில் சேர்ந்து இந்தோசீனா வரை சென்று பணியாற்றினர். அவர்களுக்குரிய சட்டம் 1857ஆம் ஆண்டின் பிரெஞ்சுப் படைநீதித் தொகுப்பு. விசாரித்தது ‘போர் மன்றம்’. 1894இல் அப்படியொரு மன்றம், குற்றம்சாட்டப்பட்டவருக்குக் காட்டாத இரகசியக் கோப்பை வைத்துக் கேப்டன் டிரைஃபஸைத் துரோகி என்றது. அவர் குற்றமற்றவர் என்று அறிவிக்கப்பட 1906 வரை ஆனது. முதல் உலகப்போரில் பிரெஞ்சுப் படை தன் வீரர்களிலேயே 600க்கும் மேற்பட்டோரைச் சுட்டுக் கொன்றது. இந்தப் பட்டறிவு பிரான்ஸை மெல்ல மாற்றியது. 1928இல் தொகுப்பு திருத்தப்பட்டது. 1982இல் அமைதிக்காலப் படை நீதிமன்றங்கள் ஒழிக்கப்பட்டன. 2012 முதல், வெளிநாட்டில் பணிபுரியும் பிரெஞ்சு வீரரின் குற்றத்தைக்கூடப் பாரிஸின் பொது நீதிமன்றமே விசாரிக்கிறது.

1950ஆம் ஆண்டின் இராணுவச் சட்டம்

விடுதலை பெற்ற இந்தியா வேறு வழியைத் தேர்ந்தது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டமைப்பைப் பெரிதும் தக்கவைத்து இராணுவச் சட்டம் 1950இல் நடைமுறைக்கு வந்தது. படையினரின் அடிப்படை உரிமைகளை நாடாளுமன்றம் சுருக்கலாம் என்று அரசியலமைப்பின் 33ஆம் கூறு இடமளித்தது.

நெடுங்காட்டிலிருந்து படைக்குப் போன ஒருவர், விடுப்பில் வந்து குடும்பச் சிக்கலால் குறித்த நாளில் திரும்பவில்லை என்று கொள்வோம். அவருக்கு என்ன நேரும்? படைப்பிரிவு அவருடைய மாவட்டக் காவல்துறைக்குத் தகவல் அனுப்பும். 30 நாள் கடந்தால் படைக்குள் விசாரணைக் குழு கூடி, அவர் அனுமதியின்றி வராதிருப்பதைப் பதிவுசெய்யும். அனுமதியின்றி விலகியிருந்ததற்கு மூன்றாண்டு வரை சிறை. திரும்பும் எண்ணமே இல்லாத ‘தப்பியோட்டம்’ என்று நிறுவப்பட்டால் ஏழாண்டு வரை. போர்ப்பணியில் இருக்கும்போது என்றால் மரணதண்டனை வரை போகலாம். எனவே தாமாகத் திரும்பி வருவதும், தாமதத்துக்கான காரணத்தைக் காட்டும் சான்றுகளைக் கையோடு கொண்டுபோவதும் மிக முக்கியம்.

திரும்பியவரைக் கட்டளை அதிகாரி, அதாவது வீரர்கள் சொல்லும் ‘சி.ஓ.’, முன்னால் நிறுத்துவார்கள். இராணுவ விதிகளின் 22ஆம் விதிப்படி, சாட்சிகளைக் குற்றம்சாட்டப்பட்டவர் முன்னிலையிலேயே விசாரிக்க வேண்டும். அவரும் குறுக்கு விசாரணை செய்யலாம். அதன்பின் சி.ஓ.வுக்கு வழிகள் பல. குற்றச்சாட்டைத் தள்ளிவிடலாம். சட்டத்தின் 80ஆம் பிரிவின்படி தாமே தண்டிக்கலாம்: 28 நாள் வரை படைக்காவலில் சிறை, வீரர் குடியிருப்பான லைனுக்குள் முடக்கம், கூடுதல் காவல்பணி, 14 நாள் வரை சம்பளப் பிடித்தம், கண்டனம். குற்றம் பெரிதென்றால் சாட்சியங்களை எழுத்தில் பதியச் செய்து கோர்ட் மார்ஷல் எனும் படை நீதிமன்றத்துக்கு அனுப்பலாம்.

கோர்ட் மார்ஷல் நான்கு வகைப்படும். ஜெனரல் கோர்ட் மார்ஷலில் குறைந்தது 5 அதிகாரிகள் அமர்வர். மரணதண்டனையும் விதிக்க வல்லது. டிஸ்ட்ரிக்ட் கோர்ட் மார்ஷலில் 3 பேர். இரண்டாண்டு வரை சிறை. போர்ப்பணியில் கூடும் சம்மரி ஜெனரல் கோர்ட் மார்ஷலிலும் 3 பேர். 1857க்குப் பின் வேரூன்றிய சுருக்க விசாரணையே நான்காவதான சம்மரி கோர்ட் மார்ஷல். இதில் சி.ஓ. மட்டுமே நீதிமன்றம். உடன் இருவர் அமர்ந்தாலும் தீர்ப்பில் அவர்களுக்குப் பங்கில்லை. லெப்டினன்ட் கர்னல் அல்லது அதற்கு மேற்பட்டவர் சி.ஓ.வாக இருந்தால், பணிநீக்கத்தோடு ஓராண்டு சிறையும் தரலாம். வழக்கறிஞர் வாதாட இடமில்லை. ‘குற்றம்சாட்டப்பட்டவரின் நண்பர்’ ஒருவர் அருகிருந்து ஆலோசனை சொல்லலாம், அவ்வளவே.

முறையான மன்றங்களில் சில நல்ல பாதுகாப்புகள் உண்டு. உறுப்பினர்களை ஏற்க மறுக்கும் உரிமை குற்றம்சாட்டப்பட்டவருக்கு உண்டு. தீர்ப்பின்போது இளைய அதிகாரியே முதலில் கருத்துச் சொல்வார். மூத்தவர் சொன்னபின் இளையவர் நாக்கு கட்டுப்பட்டுவிடக் கூடாது என்பதே நோக்கம். வாக்குகள் சமமானால் முடிவு குற்றம்சாட்டப்பட்டவருக்குச் சாதகம். மேலதிகாரி உறுதிசெய்யும் வரை தீர்ப்பு செல்லாது. இதில் சம்மரி கோர்ட் மார்ஷலுக்கு மட்டும் விலக்கு: அதன் தண்டனை உறுதிசெய்யப்படாமலே உடனே நிறைவேறும்.

நீதிமன்றங்களின் தலையீடு

1982இல் பிருத்திபால் சிங் பேடி வழக்கில் உச்ச நீதிமன்றம் இச்சட்டத்தை ஏற்றது. ஆனால் கோர்ட் மார்ஷல் தீர்ப்பை எதிர்த்து ஒரு மேல்முறையீடுகூட இல்லாதது பெருங்குறை என்று சுட்டியது. 1987இல் ரஞ்சித் தாக்கூர் வழக்கு குறையின் ஆழத்தைக் காட்டியது. சிக்னல்ஸ் பிரிவு வீரரான அவர், தமக்கு நேர்ந்த கொடுமையை மேலதிகாரிகளுக்கு நேரடியாக எழுதியதற்காக 28 நாள் சிறை பெற்றார். காவலில் இருந்தபோது உணவு உண்ணும்படி இட்ட ஆணையை மறுத்தார் என்று மீண்டும் குற்றச்சாட்டு. முன்பு தண்டித்த அதே அதிகாரி சம்மரி கோர்ட் மார்ஷலில் அமர்ந்து ஓராண்டு சிறையும் பணிநீக்கமும் விதித்தார். உச்ச நீதிமன்றம் இரண்டையும் ரத்து செய்தது: நீதிபதியிடம் சார்பு இருக்கலாம் என்ற நியாயமான ஐயமே போதும், தண்டனை குற்றத்தின் அளவுக்குப் பொருந்த வேண்டும். வேலூர்ச் சிப்பாய்களுக்குக் கிடைக்காத நீதி இதுதான். 2016இல் விஷவ் பிரியா சிங் வழக்கில், சம்மரி கோர்ட் மார்ஷல் விதிவிலக்காகவே கூட்டப்பட வேண்டும் என்றும் அந்நீதிமன்றம் வலியுறுத்தியது.

ஆயுதப்படைத் தீர்ப்பாயம்

பேடி வழக்கில் சுட்டிய குறை தீர கால் நூற்றாண்டு ஆனது. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆயுதப்படைத் தீர்ப்பாயம் 2009 முதல் இயங்குகிறது. காரைக்கால் பகுதி வீரர்களுக்கு உரியது சென்னை அமர்வு. உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த ஒருவரும் படை உயரதிகாரியாக இருந்த ஒருவரும் சேர்ந்து அமர்ந்து, கோர்ட் மார்ஷல் தீர்ப்புகளையும் பணி, ஓய்வூதிய வழக்குகளையும் விசாரிப்பர். தீர்ப்பாய ஆணையை எதிர்த்து உயர் நீதிமன்றத்தை அணுகலாம் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனால் சம்மரி கோர்ட் மார்ஷல் தீர்ப்பு தீர்ப்பாயத்துக்கு வர, பணிநீக்கமோ மூன்று மாதத்துக்கு மேற்பட்ட சிறையோ விதிக்கப்பட்டிருக்க வேண்டும். அதற்குக் குறைந்த தண்டனைக்கு இவ்வழி அடைபட்டே இருக்கிறது.

1758இலிருந்து இந்நீதிமுறை கடந்து வந்த தூரம் பெரிது: விசாரணை வந்தது, எழுத்து வந்தது, மேல்முறையீடு வந்தது. ஒழுங்கு இல்லாமல் படை இல்லை. அந்த ஒழுங்கை வீரன் மனமொப்பிக் காக்க, தன் வழக்கை நடுநிலையாளர் ஒருவர் கேட்பார் என்ற நம்பிக்கை வேண்டும். கட்டளையிடுபவரே தீர்ப்பும் சொல்லும் சம்மரி கோர்ட் மார்ஷல் நீடிக்கும் வரை இந்தச் சீர்திருத்தம் முழுமை பெறாது.