மண்ணின் நத்தையும் வந்தேறிய நத்தையும்

மாரிமழை தொடங்கியதும் உருத்திரபுரம் போன்ற வன்னிக் கிராமங்களின் வேலிகளிலும் கிணற்றடிகளிலும் நத்தைகள் ஊரத் தொடங்கும். நத்தை என்றதும் பயிரைத் தின்னும் பீடை என்ற எண்ணமே பலருக்கும் எழுகின்றது. ஆனால் இலங்கையில் வாழும் ஏறத்தாழ 250 தரைநத்தை இனங்களுள் ஐந்தில் நான்கு பங்கு உலகில் வேறெங்கும் காணப்படாதவை என்பதைச் சிலரே அறிவர். 2012 இல் வெளியான தேசிய செந்தரவுப் பட்டியல், மதிப்பிடப்பட்ட தரைநத்தை இனங்களுள் பாதிக்கும் அதிகமானவை அழிவு அச்சுறுத்தலில் உள்ளன என எடுத்துரைத்தது.

இவற்றுள் முதன்மையானது ஈரவலயத்தின் மரங்களில் வாழும் அக்காவஸ் என்னும் பேரினமாகும். அதன் ஓர் இனத்திற்கு 1758 இல் லின்னேயஸ் பெயரிட்டார். ஓட்டின் வாய்விளிம்பு செந்நிறமானதால், 'குருதி வாய்' எனப் பொருள்படும் 'ஹீமாஸ்ரோமா' என்பது அப்பெயராயிற்று. இதன் நெருங்கிய உறவினங்கள் மடகஸ்காரிலும் சீஷெல்ஸ் தீவுகளிலும் உள்ளன. இந்நிலங்கள் யாவும் கொண்டுவானா என்னும் ஒரே பெருங்கண்டமாக இருந்த காலத்தின் எச்சமே இவ்வுறவு. மடகஸ்கார் பிரிந்து ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகள் ஆகின்றன.

நத்தையால் தொலைதூரம் இடம்பெயர இயலாது. ஈரமும் நிழலும் இலைச்சருகும் அதற்கு இன்றியமையாதவை. ஓடு வளரக் கல்சியமும் வேண்டும். தேயிலைக்கும் றப்பருக்கும் குடியிருப்புகளுக்குமாக ஈரவலயக் காடுகள் துண்டாடப்பட்டபோது, ஒவ்வொரு துண்டிலும் நத்தைகள் சிறைப்பட்டன. அக்காவஸ் பெரிய முட்டைகளைச் சிறு எண்ணிக்கையிலேயே இடுவதால், இழந்த தொகையை விரைவில் ஈடுசெய்ய அதனால் முடியாது.

தோட்டங்களை அழிக்கும் ஆபிரிக்கப் பெருநத்தையின் இயல்பு இதற்கு நேர்மாறானது. 1900 ஆம் ஆண்டளவில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட அது, ஒரு தடவையிலேயே நூற்றுக்கணக்கான முட்டைகளை இடவல்லது. அதன் மீது விவசாயி கொள்ளும் சினம் நியாயமானதே. ஆனால் கண்மூடித்தனமாக இடப்படும் நஞ்சு, வந்தேறியையும் மண்ணுக்குரியதையும் பிரித்தறிவதில்லை.

இதற்கு மூரியாத் தீவின் அனுபவம் பாடமாகும். பிரெஞ்சுப் பொலினீசியாவைச் சேர்ந்த அத்தீவில் ஆபிரிக்க நத்தையை ஒழிப்பதற்காக 1977 இல் ஊனுண்ணி நத்தையொன்று விடப்பட்டது. அதுவோ அங்கு மட்டுமே வாழ்ந்த பார்ட்டூலா நத்தைகளை வேட்டையாடியது. பத்தாண்டுகளுக்குள் அவை காட்டிலிருந்து மறைந்தன. மிருகக்காட்சிச்சாலைகளில் காப்பாற்றப்பட்ட சிலவற்றின் வழித்தோன்றல்களே பின்னர் மீண்டும் காட்டில் விடப்பட்டன.

எனவே பீடையை ஒழிக்குமுன் இனங்காண வேண்டும். நீண்டு கூம்பிய, கபிலக் கோடுகள் கொண்ட ஓடு ஆபிரிக்க நத்தையினது; அக்காவஸின் ஓடோ தட்டையாக உருண்டது. வந்தேறியைக் கையால் பொறுக்கி, முட்டைகளுடன் அழிப்பதே பாதுகாப்பான வழி. சருகை எரிக்காமல் விடுவதும், வயலோரப் பற்றைகளையும் குளக்கரை மரங்களையும் காப்பதும் வன்னி மக்களும் செய்யக்கூடியவையே. இங்குள்ள உலர்வலய நத்தைகளும் அந்நிழலையே நம்பி வாழ்கின்றன.