முன்னுதாரணம் இல்லாத மனு

போன டிசம்பரில் என் பேத்தி அமெரிக்காவில் ஒன்பது பல்கலைக்கழகங்களுக்கு மனுப் போட்டாள். உயிர்மருத்துவத்தில் முனைவர் பட்ட ஆய்வு. ஒவ்வொரு இடத்துக்கும் தன்னைப் பற்றி ஒரு கட்டுரை, மூன்று பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதம், மதிப்பெண் பட்டியல், அதற்கு மேல் கட்டணம். ஜனவரி முழுக்க ஒரு கையில் கைபேசியும் மறு கையில் இட்லியுமாகத்தான் இருந்தாள். அங்கே பகல் என்றால் நமக்கு ராத்திரி. ஆகவே பதில் வந்தால் நடுராத்திரியில்தான் வரும். வீட்டில் யாருக்கும் சரியான தூக்கம் இல்லை.

ஒரு நாள் காலை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நாலு இடத்துல முடியாதுன்னுட்டாங்க தாத்தா. ஒரு இடத்துல ஆறு வாரமா 'பரிசீலனையில் உள்ளது'ன்னே காட்டுது. அப்படின்னா என்ன அர்த்தம்?"

அந்தச் சொல்லின் அர்த்தம் எனக்குத் தெரியாதா? புதுச்சேரி அரசில் எல்.டி.சி.யாகச் சேர்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெறும் வரை எத்தனை ஆயிரம் பேருக்கு அதை எழுதியிருப்பேன்! பாதிக்குப் பாதி, கோப்பின் கட்டை இன்னும் யாரும் அவிழ்க்கவில்லை என்றுதான் அர்த்தம். அதைக் குழந்தையிடம் சொல்ல மனம் வரவில்லை. அதற்குப் பதில் ஒரு பழைய மனுவின் கதையைச் சொன்னேன். அதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளி. ஒரு நாள் எங்கள் வகுப்புப் பெண் ஒருத்தி தான் டாக்டராகப் போவதாகச் சொன்னாள். பையன்கள் சிரித்தோம். பாடம் நடத்திய மத்மோசெல் சாக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, "மதாம் ப்ரெஸ் யார் தெரியுமா?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்தார். மீதியை நான் ஓய்வு பெற்ற பிறகுதான் தேடிப் படித்தேன்.

மத்லேன் ப்ரெஸ் 1842இல் பிரான்சின் தெற்கே, நீம் நகருக்குப் பக்கத்தில் பூயார்க் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா வண்டி செய்யும் தச்சர். நீம் மருத்துவமனைக்கு வேலையாகப் போகும்போது மகளையும் கூட்டிப்போவார். அங்கிருந்த கன்னிகாஸ்திரீ ஒருவருக்கு இந்தச் சிறுமியைப் பிடித்துப்போயிற்று. கஷாயம் வைக்கவும், சின்னக் காயங்களுக்குக் கட்டுப் போடவும் சொல்லிக்கொடுத்தார். ஆசை அங்கே முளைத்தது. ஆனால் பதினைந்து வயதில் கல்யாணம் ஆகிவிட்டது. கணவர் பாரிஸில் ஆம்னிபஸ் நடத்துநர். குதிரை இழுத்த பஸ் காலம் அது. அடுத்தடுத்துப் பிள்ளைகளும் பிறந்தன.

1866இல் இந்த அம்மாள் பாரிஸ் மருத்துவ ஃபாக்குல்த்தேயின் தலைவர் முன்னால் போய் நின்றார். "எனக்கு மருத்துவம் படிக்க வேண்டும்" என்றார். வயது இருபத்து நான்குகூட நிறைந்திருக்காது. ஒரு பெண் அந்த ஃபாக்குல்த்தேயில் பட்டம் வாங்கியதாக அதுவரை சரித்திரமே கிடையாது.

அந்தத் தலைவர் யார் தெரியுமா? ஷார்ல் அதோல்ஃப் வூர்ட்ஸ். பிளஸ் டூ வேதியியலில் வூர்ட்ஸ் வினை என்று படித்து நீங்கள் நொந்திருப்பீர்களே, அதே வூர்ட்ஸ்தான். என் பேத்தி நிமிர்ந்து உட்கார்ந்த இடம் இது. "சோடியம் போடுவாரே, அவரா தாத்தா?" என்றாள். அவரேதான்.

வூர்ட்ஸ் முடியாது என்று சொல்லவில்லை, ஆகட்டும் என்றும் சொல்லவில்லை. முதலில் பக்கலோரேயா தேறி வாருங்கள், பிறகு பார்க்கலாம் என்றார். அரசு அலுவலகத்தில் இருந்த எனக்கு இந்த 'பிறகு பார்க்கலாம்' நன்றாகப் பழக்கம். பெரும்பாலும் ஆளைத் திருப்பி அனுப்பத்தான் அதைச் சொல்வோம். வந்தவர் திரும்பி வரமாட்டார் என்று நமக்குத் தெரியும். ஏனென்றால் பெண்களுக்கான அரசு லிசே அன்று பிரான்சில் ஒன்றுகூடக் கிடையாது. அதற்கான சட்டம் வந்ததே 1880இல்தான். பிரான்சில் முதல்முதலாக ஒரு பெண் பக்கலோரேயா வாங்கியது 1861இல். ஜூலி விக்துவார் தொபியே என்ற அந்த அம்மாளுக்கு அப்போது வயது முப்பத்தேழு.

மத்லேன் திரும்பி வந்தார். பிள்ளைகளை வைத்துக்கொண்டே படித்து, தேர்ச்சி பெற்று, 1868இல் சான்றிதழோடு வந்து நின்றார். இப்போது வூர்ட்ஸ் பின்வாங்கவில்லை. அந்த ஒரு காரியத்துக்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். மனு கல்வி அமைச்சர் விக்தோர் துரூயிடம் போயிற்று. பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று 1867இல் சட்டம் கொண்டுவந்த மனிதர் அவர். ஆனாலும் தாமே முடிவெடுக்காமல் மந்திரி சபைக்கு எடுத்துப்போனார். அங்கே மூன்றாம் நெப்போலியனின் மனைவி, பேரரசி எஜெனி, மனுதாரர் பக்கம் பேசினார். அனுமதி கிடைத்தது.

ஒரு பெண் கல்லூரியில் சேர மந்திரி சபை கூடவேண்டியிருந்தது. அது கூடியும் வேலை முடியவில்லை. நெப்போலியன் சட்டப்படி மனைவி என்பவள் தானாக ஒரு காரியமும் செய்ய முடியாது. கணவர் நேரில் வந்து சம்மதம் தெரிவிக்க வேண்டும். அந்த பஸ் நடத்துநர் வந்து சம்மதம் கொடுத்தார். அவரைப் பற்றிச் சரித்திரம் அதிகம் பேசுவதில்லை. அவர் அன்றைக்கு வரவில்லை என்றால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும். பிரான்சில் கணவர் சம்மதம் இல்லாமல் மனைவி வேலைக்குப் போகலாம் என்று சட்டம் ஆனது 1965இல். நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை! 'சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்' என்று நாங்கள் மனப்பாடம் செய்தபோதும் அந்தச் சட்டம் அப்படியேதான் இருந்திருக்கிறது.

அந்தக் காலத்தில் பாரிஸ் கதவைத் தட்டியவர் மத்லேன் ஒருவர் மட்டும் அல்ல. அமெரிக்காவிலிருந்து மேரி புட்னம் வந்தார். பிலடெல்பியாவின் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் 1864இலேயே பட்டம் வாங்கியவர். அந்தப் படிப்பு போதாது என்று நினைத்து 1866இல் பாரிஸ் வந்து, மருத்துவமனைகளில் வார்டு வார்டாகச் சுற்றிக்கொண்டு அனுமதிக்காகக் காத்திருந்தார். 1868 ஜனவரியில் கிடைத்தது. ஆனால் மாணவர்கள் வரும் வாசலில் வரக்கூடாது. பக்கவாட்டுக் கதவு வழியாக வந்து, பேராசிரியர் அருகில் தனி நாற்காலியில் உட்கார வேண்டும். உட்கார்ந்தார். 1871இல் பட்டம் வாங்கினார்.

இங்கிலாந்திலிருந்து எலிசபெத் காரெட். அங்கே மருந்தாளர் சங்கத்தின் தேர்வை விதிகளில் இருந்த ஓட்டை வழியாக எழுதி, 1865இல் மருத்துவம் பார்க்கும் உரிமை வாங்கிவிட்டார். உடனே சங்கத்தார் செய்தது என்ன? இன்னொரு பெண் வராதபடி ஓட்டையை அடைத்தார்கள். இது எல்லா நாட்டு அலுவலகங்களுக்கும் பொதுவான குணம். காரெட் பிரெஞ்சு மொழியிலேயே தேர்வுகள் எழுதி, ஒற்றைத் தலைவலி பற்றி ஆய்வேடு கொடுத்து, 1870 ஜூனில் பாரிஸ் பட்டம் வாங்கினார். பாரிஸ் ஃபாக்குல்த்தேயில் மருத்துவ டாக்டர் பட்டம் பெற்ற முதல் பெண் அவர்தான். நான்காவதாக ரஷ்யாவிலிருந்து ஒரு பெண்ணும் சேர்ந்திருந்தார். நால்வரில் பிரெஞ்சுக்காரி மத்லேன் மட்டுமே.

அடுத்து வந்தது யுத்தம். 1870இல் பிரஷ்யப் படை பாரிஸைச் சூழ்ந்துகொண்டது. மருத்துவமனைகளில் இருந்த இளம் மருத்துவர்கள் போர்முனைக்குப் போய்விட்டார்கள். பித்தியே மருத்துவமனையில் ப்ரோகாவின் பிரிவில் மத்லேன் பயிற்சியில் இருந்தார். மூளையில் பேச்சுக்கு உரிய இடத்தைக் கண்டவர் என்று படிக்கிறோமே, அந்தப் போல் ப்ரோகாதான். ஆள் இல்லாத நேரத்தில் மத்லேனைத் தற்காலிக 'ஏன்தெர்ன்' ஆக்கினார்கள். முற்றுகையில் பட்டினி, குளிர், பீரங்கிக் குண்டு. அது முடிந்ததும் கம்யூன் கலவரம். 1871 ஜூலை வரை அந்த அம்மாள் வேலையை விட்டுப் போகவில்லை. ப்ரோகாவே மெச்சிச் சான்று எழுதிக்கொடுத்தார்.

அந்தச் சான்றோடு அவர் இரண்டாவது மனுவைப் போட்டார். மற்ற மாணவர்களைப் போல என்னையும் மருத்துவமனைப் பயிற்சி மருத்துவருக்கான போட்டித் தேர்வு எழுத விடுங்கள் என்றார். கேட்டது வேலைகூட இல்லை, தேர்வு எழுத அனுமதி மட்டுமே.

1871 டிசம்பரில் மருத்துவமனைகளின் நிர்வாகத்திடமிருந்து பதில் வந்தது. அதன் சாரம் இதுதான்: உங்கள் ஒருவரைப் பற்றிய விஷயம் என்றால் யோசிக்கலாம். உங்களுக்கு அனுமதி கொடுத்தால் அது முன்னுதாரணம் ஆகிவிடும். ஆகவே முடியாது.

இந்த இடத்துக்கு வந்ததும் என் பேத்தியிடம் கதையை நிறுத்திவிட்டேன். காபி வேண்டும் என்று சொல்லி எழுந்து போனேன். காரணத்தை அவளிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

எண்பதுகளில் நான் யு.டி.சி.யாக இருந்த பிரிவுக்கு ஓர் அம்மாள் மனுக் கொடுத்தார். கடைநிலை ஊழியர். கணவர் இல்லை, மூன்று பிள்ளைகள். வேலையில் இருந்துகொண்டே நர்ஸ் பயிற்சிக்கு விண்ணப்பிக்க அனுமதியும் படிப்பு விடுப்பும் கேட்டிருந்தார். விதியில் அவர் பதவிக்கு இடம் சொல்லவில்லை. கூடாது என்றும் சொல்லவில்லை. அதிகாரியிடம் கோப்பு வைக்கும்போது குறிப்பு எழுதியது நான். "இதற்கு முன்னுதாரணம் இல்லை. அனுமதித்தால் இதேபோல் பல கோரிக்கைகள் வர வாய்ப்புள்ளது" என்று எழுதினேன். எழுதும்போது கை கூசவில்லை. நல்ல குறிப்பு என்றுகூட நினைத்தேன். அதிகாரி அதன் கீழே ஒரு கையெழுத்துப் போட்டார், அவ்வளவுதான்.

அதற்கு முன்னால் நான்கு மாதம் அந்த அம்மாள் வாரா வாரம் வந்து கேட்டார். "வந்துச்சுங்களா சார்?" என்பார். "பரிசீலனையில இருக்கும்மா" என்பேன். பதில் போன பிறகு அவர் வரவில்லை. எங்கேயாவது எதிரில் வந்தால் வணக்கம் மட்டும் சொல்வார். அந்த வணக்கம் இன்னும் எனக்கு உறுத்துகிறது.

பாரிஸில் அந்தப் பதிலை எழுதிய ஆளும் கெட்டவனாக இருக்க வேண்டியதில்லை. வீட்டில் பிள்ளைகளுக்கு ரொட்டி வாங்கிக்கொண்டு போன ஒரு குமாஸ்தாவாகத்தான் இருந்திருப்பான்.

மீதிக் கதையைக் காபி குடித்துவிட்டு வந்து சொன்னேன். மத்லேன் படிப்பை விடவில்லை. மருத்துவமனைக் கதவு மூடியதால் ஆய்வுக்கூடம் போனார். வூர்ட்ஸின் ஆய்வுக்கூடத்திலும் வேலை செய்தார். தாய்ப்பாலையும் பாலூட்டுவதையும் பற்றி ஆய்வேடு எழுதி, 1875 ஜூன் 3ஆம் தேதி உயர்ந்த மதிப்போடு டாக்டர் பட்டம் வாங்கினார். மருத்துவ டாக்டரான முதல் பிரெஞ்சுப் பெண் அவர். பிறகு தாய் சேய் நலத்துக்கே உழைத்தார். பாரிஸில் பத்திஞோல் பகுதியில் ஏழைக் குழந்தைகளுக்குக் காப்பகம் நடத்தினார். 1921இல், பார்வை மங்கி, வறுமையில் இறந்தார்.

அவர் கேட்ட அந்தத் தேர்வு என்ன ஆயிற்று? பதினான்கு வருடம் கழித்து, 1885 ஜூலை 31ஆம் தேதி, பெண்களும் எழுதலாம் என்று உத்தரவு வந்தது. மருத்துவ மாணவர்கள் கலாட்டா செய்து, தேர்வு கேட்டுப் போராடிய ப்ளான்ஷ் எத்வார்ஸ் என்ற மாணவியின் கொடும்பாவியைக் கொளுத்தினார்கள். மறுவருடமே ஒகுஸ்தா க்ளும்ப்கே அந்தப் போட்டித் தேர்வில் தேறி முதல் பெண் ஏன்தெர்ன் ஆனார். கை நரம்பு பாதிப்பு ஒன்றுக்கு இன்றும் டாக்டர்கள் சொல்லும் பெயர் க்ளும்ப்கே வாதம்.

அந்த உத்தரவில் கையெழுத்துப் போட்ட அதிகாரியின் பெயரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. எஜேன் புபெல். வீட்டுக்கு வீடு குப்பைத் தொட்டி வைக்க வேண்டும் என்று 1884இல் உத்தரவு போட்டவர். அதனால் பிரெஞ்சில் குப்பைத் தொட்டிக்கே 'புபெல்' என்று பெயர் ஆயிற்று. எங்கள் வகுப்பின் மூலையில் இருந்த புபெல்லில் எத்தனை காகிதம் எறிந்திருப்பேன். உலகம் அவர் பெயரைக் குப்பைக்கு வைத்தது. இன்னொரு கையெழுத்தும் அவர் போட்டிருக்கிறார் என்று மத்மோசெல்கூட எங்களுக்குச் சொல்லவில்லை.

"அப்போ அந்தம்மாவுக்கு அந்தத் தேர்வு கடைசி வரைக்கும் கிடைக்கவே இல்லையா?" என்று பேத்தி கேட்டாள்.

"இல்லம்மா."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "மறுபடி போய்க் கேட்டாங்க இல்ல, அது போதும்" என்று சொல்லிவிட்டுக் கைபேசியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இதை எழுதும்போது இன்னும் மூன்று இடங்களிலிருந்து அவளுக்குப் பதில் வரவேண்டும். ஏப்ரல் 15 வரை பார்க்கலாம் என்கிறாள். வராவிட்டால் அடுத்த வருடமும் மனுப் போடுவாளாம். எனக்கு ஒரே ஒரு பிரார்த்தனைதான். அவள் மனு யார் மேசையில் இருக்கிறதோ, அந்தப் புண்ணியவான் கட்டை அவிழ்த்து முழுதாகப் படிக்க வேண்டும்.